புரட்டாசியிலேயே கொடுத்துவிட்ட டூல்ஸ்

அனுசியா மேடம் பயந்த சுபாவம். திட்டக்குடியிலிருந்து வரும் பஸ் ஒவ்வொரு லாரியை முந்தும்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். விருத்தாசலத்தில் எங்கள் பாலிடெக்னிக்கின் செராமிக் ஒர்க்ஷாப்பில் பல வருடமாக இன்ஸ்ட்ரக்டர். இன்றைக்கும் சூளையைப் பற்றவைக்கும் முன் கேஸ் வால்வைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பார். “எனக்குப் பயம்னா சோறு மாதிரி சார், தெனம் வேணும்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் அங்கே கணக்குப் பாடம் எடுக்கிறேன். வேப்பூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஒர்க்ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. பழைய ரம்பத் தகடைத் தேய்த்து, மண்ணைச் சீவவும் வழிக்கவும் ஒவ்வொருவரும் தனக்கென்று டூல்ஸ் செய்துகொள்வார்கள். ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். படிப்பு முடிந்து போகிறவர்கள் சித்திரையில் அதை ஜூனியர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வருடம் படிக்கும் பிரவீன்குமார் புரட்டாசியிலேயே கொடுத்துவிட்டான்.

திருப்பூருக்குக் கிளம்பிவிட்டாயா, பெண் பார்த்துவிட்டார்களா என்று பையன்கள் கேலி செய்தார்கள். வாங்கிக்கொண்ட முதல் வருட நிலவன் அதைத் துணியில் சுற்றி வைத்துப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தான். மேடம் பார்த்துவிட்டார். ஸ்டாஃப் ரூமுக்கு வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“எங்கயும் வேலைக்குப் போவல சார், கேட்டுட்டேன். ஆனா ஒரேயடியா போறவன் மாதிரி குடுத்துருக்கான்.”

அவன் எங்கள் பக்கத்துப் பையன். ஏகப்பட்ட அரியர்; ஒரு மாதமாக யாரோடும் பேச்சில்லை. நான் பேசுகிறேன், நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முன்னேறி வந்தவன்தானே என்று எழுந்தேன்.

“அதத்தான் சார் அவன் பொறந்ததுலேர்ந்து கேக்குறான். உக்காருங்க.”

அப்பாவை வரச்சொல்லிப் போன் செய்வதுதான் கல்லூரியின் வழக்கமான மருந்து. மேடம் அதையும் வேண்டாம் என்றார். மாணவர்களுக்கான மனநலக் கவுன்சிலர் தனக்கோடி வாரம் ஒரு நாள் வருவார். நல்லவேளையாக அன்று வந்திருந்தார். ஆனால் போன வருடம் ஒரு பெண்ணை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி அவர் அறைக்குப் போகச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவள் கல்லூரிக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அந்த அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

மேடம் தனக்கோடிக்குப் போன் செய்தார். தான் கேட்கப்போய், இல்லாத நினைப்பைத் தானே ஊட்டியதாகிவிடாதா என்று கேட்டார். கேட்பதால் அந்த நினைப்பு வராது, நேராகவே கேளுங்கள், தனியாக மட்டும் விடாதீர்கள் என்று பதில் வந்தது.

ஆறிய சூளையிலிருந்து கோப்பைகளை இறக்க வேண்டும் என்று சொல்லி மேடம் பிரவீனைக் கூப்பிட்டார். நான் கதவருகே நின்றேன். நாலைந்து கோப்பை இறங்கியதும் கேட்டார்.

“பிரவீனு, உசுர வுட்டுடலாம்னு நெனப்பு வருதா?”

அவன் கையிலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஊரு முனையில எங்கப்பா பிளெக்ஸ் வச்சுருக்காரு மேடம். வருங்கால இன்ஜினியருன்னு, என் போட்டோவோட. தெனம் அதத் தாண்டித்தான் பஸ்ஸு ஏறுறேன்.” கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “வருதுங்க மேடம்” என்றான்.

மேடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கோப்பைகளை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குது. நீ சொன்னது நல்லதாப் போச்சு. இதுக்கு எனக்கு வெவரம் பத்தாது, தனக்கோடி மேடத்துக்குத் தெரியும். நானும் கூட வரேன்.”

பசங்க பார்ப்பார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. யாரிடம் சொல்ல வேண்டி வந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் என்றார்.

அறை வாசலில் அவன் செருப்பைக் கழற்றியதும், அதை உள்ளே எடுத்துப்போகச் சொல்லிவிட்டு மேடம் தன் செருப்பை அங்கே விட்டார். கதவு மூடிக்கொண்டது. வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். நான் வாங்கிவந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. அந்த வழியே போன ஒருவன் செருப்பைப் பார்த்து நின்றான்.

“என்ன மேடம், உங்களுக்கேவா கவுன்சிலிங்கு?”

“ஆமாண்டா. உங்கள வச்சு மேய்க்கிறேன்ல.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். மேடத்தின் புடவைத் தலைப்பு விரலில் சுற்றி முறுக்கேறியிருந்தது.

கடைசியில் தனக்கோடி வெளியே வந்து, இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். வீட்டில் யாருக்குச் சொல்லலாம் என்று அவனையே கேட்டிருக்கிறார். அவன் தன் அக்காவைச் சொன்னான். டைல்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் சண்முகப்ரியா, கையில் ஒட்டிய களிமண்ணோடு ஓடிவந்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் மேடமும் ஏறிக்கொண்டார்.

பிறகு வந்த நாட்களில் வருகைப் பதிவின்போது அவன் பெயர் வரும் முன்பே மேடத்தின் குரல் இறங்கிவிடும். பதில் வராது. அடுத்த பெயருக்குப் போவார். அவன் வீட்டில் அக்காவோடு இருக்கிறான், மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தும் அந்தப் பயம் விடவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்தபடி வந்தான். நேராக நிலவனிடம் போய் டூல்ஸைக் கேட்டுக் கை நீட்டினான்.

“குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களாண்ணா? வெக்கமா இல்ல?”

“கேக்குறான்ல, குடுடா” என்றார் மேடம், வால்வைத் தொட்டுப் பார்த்தபடி.