சின்னவளுக்குக் கொடுத்த பத்து நிமிடம்

அரங்கத்தில் எல்லாரும் அவளைக் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. வாடகைக்கு விடும் கூட்ட அரங்கு அது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு லேப்டாப், அதில் ஒரு டைமர். இங்கே அவள் பட்டனைத் தட்டினால் மேடைக்குக் கீழே, பேசுகிறவருக்குத் தெரியும்படி வைத்த திரையில் எண்கள் இறங்கத் தொடங்கும். முதலில் பச்சை, கடைசி இரண்டு நிமிடம் மஞ்சள், முடிந்தால் சிவப்பு. லிங்க் இருந்தால் எங்கோ இருப்பவர்கூட அதைத் தன் போனில் பார்க்கலாம். பதினோரு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு நொடி கூட்டிக் கொடுத்ததில்லை. கெஞ்சினவர் உண்டு, முறைத்தவர் உண்டு, சாக்லேட் நீட்டினவரும் உண்டு. சாக்லேட்டைத் தின்றுவிட்டு, நேரம் வந்ததும் சிவப்பைக் காட்டினாள் மகராசி.

அன்றைக்குக் கடைசியாகப் பேச இருந்தது அவளுடைய கூடப்பிறந்த தங்கை. சின்னவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேச்சு திக்கும். தெரியாத ஆளிடம் விலாசம் கேட்பதற்குக்கூட அக்காவை முன்னால் தள்ளுகிறவள். ஆனால் அவள் கூடத்தில் ஒரு பெரியவருடைய ரத்தக் குழாயில் வேறு யார் பெயரோ ஒட்டப்பட்டு, இல்லாத நோய்க்கு அவர் மூன்று மாதம் மருந்து தின்றார். அதைப் பார்த்ததிலிருந்து சின்னவளுக்குத் தூக்கமில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன்பே குழாயில் பெயரை ஒட்ட வேண்டும், நோயாளியே அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அவள் கேட்பது இவ்வளவுதான். எல்லாக் கூடங்களும் இதைச் செய்வதா வேண்டாமா என்று அன்று பரிசோதனைக் கூடங்களின் சங்கக் கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுப்பார்கள். விட்டால் அடுத்த வருடம்தான்.

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தார்கள். பெரியவள் அரங்கத்திலிருந்தே டைமரை ஓடவிடுவாள். சின்னவள் வீட்டுச் சமையலறையில், போனைத் தட்டு அலமாரியில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பது அவளுக்கு ஒன்பதரை ஆனது. கொடுத்திருப்பது பத்து. போதும்.

சின்னவளுக்கு முன்னால் சங்கத் தலைவர். பதினொன்று ஐம்பதுக்கு அவர் முடிக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மைக்கை அடைத்துவிடுவார்கள், அடுத்த வாடகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். தலைவருக்கு இரண்டு நிமிடம் பாக்கி என்று மஞ்சள் வந்தது. வந்த வேகத்தில் எண் மூன்றாகிப் பச்சைக்குத் திரும்பியது!

கை தவறித் தட்டிவிட்டோமோ என்று குறைத்தாள். மறுபடி ஏறியது. குறைத்தாள். ஏறியது.

"என்னக்கா, உங்க டைமருக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்றார் பக்கத்து மேஜை மைக்காரர்.

பேயாவது ஒன்றாவது. தலைவர் போனை மேடை மேஜையில் வைத்துக் கட்டைவிரலால் தட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. டைமருக்கு இரண்டு லிங்க். ஒன்று பார்க்க மட்டும், இன்னொன்று எண்ணைக் கூட்டிக் குறைத்து ஓட்ட. சங்கச் செயலாளர் புண்ணியவான் பேச்சாளர்களுக்கெல்லாம் ஓட்டுகிற லிங்க்கை அனுப்பித் தொலைத்திருக்கிறார். தலைவரோ கூட்டல் குறியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அது யார் வீட்டு நேரம்? அவசர அவசரமாகப் புதிய டைமர் ஒன்றைத் திறந்து, மேடைத் திரையை அதற்கு மாற்றி, சிவப்பில் பூஜ்யத்தைப் போட்டாள். தலைவர் தட்டினார், தட்டினார், ஒன்றும் நகரவில்லை. அசடு வழிய "நன்றி, வணக்கம்" என்று இறங்கினார். அதற்குள் மணி பதினொன்று ஐம்பத்து நான்கு.

ஆறு நிமிடம்தான் மிச்சம். ஒன்பதரை நிமிடப் பேச்சு.

சின்னவள் மேடையேறித் திரையைப் பார்த்தாள். ஆறு என்று கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தாள், முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பின்னால் அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

திரையில் எண்ணுக்குக் கீழே செய்தி அனுப்பும் வசதி உண்டு. "சீக்கிரம் முடிக்கவும்" என்பதைத் தவிர அதில் அவள் வேறெதுவும் எழுதியதில்லை. இப்போது எழுதினாள்: 'ஓட வேண்டாம். ஒரு வார்த்தையும் விடாதே. முழுசாப் பேசு.'

சின்னவள் படித்தாள். மூச்சை இழுத்துவிட்டாள். "ஒ... ஒரு பெரியவர்..." என்று ஆரம்பித்தாள். சமையலறையில் பேசிய அதே நிதானம். திக்கிய இடத்தில் நின்றாள், நின்ற இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள்.

பேச்சில் பெரியவர் இரண்டாம் மாத மருந்து வாங்கப் போன கட்டத்தில் பன்னிரண்டு அடித்தது. மைக்காரர் இவளைப் பார்த்தார். "அக்கா, உங்க தங்கச்சியாச்சே. ஒரு ரெண்டு நிமிஷம் விடட்டுமா?"

"வேணாம். அடைச்சிடுங்க."

மைக் செத்தது. உதடு மட்டும் அசைந்தது. கூட்டம் பையை எடுத்துக்கொண்டு எழத் தொடங்கியது. அப்போது கறாரக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, அந்த அரங்கில் முதன்முறையாக வாயைத் திறந்து கத்தினாள்: "பின்னாடி கேக்கலடி! சத்தமாப் பேசு!"

கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சின்னவளும் சிரித்துவிட்டாள். மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, சொந்தக் குரலில் தொடர்ந்தாள். எழுந்தவர்கள் உட்காரவில்லை, பையோடு முன்னால் போய் அவளைச் சுற்றி நின்றார்கள்.

அரங்க மேலாளர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னம்மா நடக்குது இங்க? மணி பன்னிரண்டைத் தாண்டிடுச்சு. உங்களை நம்பித்தானே விட்டிருக்கேன்!"

"மைக்கைக் கரெக்டா பன்னிரண்டுக்கு அடைச்சாச்சு சார். ஆளை அடைக்க எனக்கு நீங்க பட்டன் எதுவும் குடுக்கல."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சின்னவள் பேசி முடித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் கைகள் எழுந்தன. பத்து, இருபது, அப்புறம் எண்ண முடியவில்லை. கடைசியாக, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலைவரும் தூக்கினார்.