எங்கள் தெருவின் ஏற்றுமதித் தடை

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். விலை என்பது ஒரு செய்தி, அரசாங்கம் அதை அமுக்கினால் செய்தி செத்துப்போகும் என்று வருடா வருடம் புதுப் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். எனக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். மாணவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மரியாதை கருதிக் கேட்டதில்லை. என் மனைவி கேட்டிருக்கிறாள்.

நாங்கள் குடியிருப்பது நாகமலை புதுக்கோட்டையில், மலையைப் பார்த்த ஒரு தெரு. தெருவுக்குப் பொதுவாக ஒரு போர்வெல் உண்டு. அதிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றி எல்லா வீட்டுக்கும் விடுவார்கள். இரண்டு வருடம் மழை பொய்த்ததில் போர்வெல் இறைக்கும்போது இருமத் தொடங்கியது. காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வரும். அந்த அரை மணிக்குள் சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். மற்றவர்கள் அதைக் கண்டித்தார்கள். கண்டித்த கையோடு ஆரப்பாளையம் போய்த் தாங்களும் மோட்டார் வாங்கி வந்தார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் நடந்தது. தலைவர் பஸ் டெப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கத்தி முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், இம்புட்டுப் படிச்சிருக்கீங்க. ஒரு வழி சொல்லுங்க.”

இப்படி ஒரு கேள்விக்காக நான் பல காலம் காத்திருந்தேன். ஆலைகள் இவ்வளவுதான் புகை விடலாம் என்று ஓர் அளவு வைத்து, அதிலும் மிச்சம் பிடித்தவர் மிஞ்சியதை அடுத்த ஆலைக்கு விற்கலாம் என்று விட்டுவிட்டால் மொத்தப் புகையும் கட்டுக்குள் நிற்கும் என்பது வகுப்பில் நான் விரும்பி நடத்தும் பாடம். பருவநிலை மாற்றத்துக்குச் சந்தை வைத்திருக்கும் மருந்து அது. அதையே தண்ணீருக்குச் சொன்னேன். எல்லா வீட்டிலும் மீட்டர். மாதத்துக்கு எல்லோருக்கும் ஒரே அளவு பங்கு. குறைவாகச் செலவழித்தவர் மிச்சத்தை வேண்டியவருக்கு விற்கலாம். விலையை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. அவர்தான் முதலில் எழுந்தார்.

“தண்ணிய விக்கிறதா? நல்லாருக்கு சார் நாயம். காசு உள்ளவன் குளிப்பான், இல்லாதவன் வேடிக்க பாக்கணுமா?”

பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் கைதட்டினார். பஞ்சாலையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தே தலை நரைத்தவர். அவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு அது. “தண்ணி சரக்கில்ல தோழர்களே” என்று அவர் ஆரம்பித்ததும் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு யாரிடமும் யோசனை இல்லாததால் என் யோசனை நிறைவேறியது.

அது பலித்தது. நானே அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மீட்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்ததும் ஜனங்கள் மாறினார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. கார் கழுவுவது நின்றது. எதிர்வீட்டுக்காரர் தன் மகனைக் கல்லூரி விடுதியிலேயே குளித்துவிட்டு வரச் சொன்னார். குழாய் மோட்டார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. என் மாணவர்களை ஒரு நாள் கூட்டி வந்து தெருவைச் சுற்றிக் காட்டினேன். மாவு அரைக்கும் அக்கா அவர்களுக்கு மோர் கொடுத்து, “உங்க சார் கெட்டிக்காரரு” என்று சொன்னார். அப்போது தெருவிலேயே அதிகமாகத் தண்ணீர் வாங்குகிறவர் அவர்தான். அதிகமாக விற்கிறவர் மில் பெரியவர்.

வைகாசியில் அடுத்த தெருவின் போர்வெல் ஒரேயடியாக நின்றுபோனது. அந்தத் தெருக்காரர்கள் இருவர் மில் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் தெரு கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு விலை தருவதாகச் சொன்னார்கள். அவர் தன் குழாயில் ஹோஸை மாட்டிப் பின்சுவருக்கு மேலே விட்டார். இரண்டே நாளில் எங்கள் தெருவிலும் விலை அங்கே இருந்த உயரத்துக்கு ஏறியது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவேன். இவ்வளவு சுத்தமாக அங்கே வராது.

உடனே அவசரக் கூட்டம். மாவு அரைக்கும் அக்கா கையில் மாவோடு வந்திருந்தார்.

“நம்ம தெருத் தண்ணி நம்ம தெருவுக்குத்தான். வெளிய விக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க தலைவரே. நான் மாவு வெலய ஏத்துனா நீங்க வாங்குவீங்களா?”

மில் பெரியவர் எழுந்தார். “எம் பங்க மிச்சம் பிடிச்சது நானு. அதை நான் யாருக்கு வித்தா சங்கத்துக்கு என்ன? தனி மனுசன் சுதந்திரத்துல கை வைக்காதீங்க.”

ஆயுள் முழுவதும் அவர் பேசி வந்ததற்கு நேர் எதிர்ப் பேச்சு. ஆனால் அவருக்கு அது கொஞ்சமும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பழைய மேடைக் குரலே வந்தது, விரலும் அப்படியே உயர்ந்தது.

அவருக்கு ஆதரவாக நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வெங்காயம் விலை ஏறும்போதெல்லாம் ஏற்றுமதியைத் தடுப்பதால் விளைவிப்பவன் நொந்துபோகிறான், அடுத்த வருடம் அவன் விதைக்கவே மாட்டான் என்றேன். தடை போட்டால் மிச்சம் பிடிக்கும் ஆசையே போய்விடும் என்றேன். அடுத்த தெருக்காரனும் குளிக்கத்தானே வேண்டும் என்றும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள்.

சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. எங்கள் வீடு என் மனைவி பெயரில் இருக்கிறது. தடைக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது, பெண்கள் வரிசையில் முதலில் உயர்ந்தது அவள் கை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

“அடுத்த வாரம் உங்க அக்கா குடும்பத்தோட வாராங்க. பத்து நாள் இருப்பாங்க. அவுகளுக்குத் தண்ணிய எங்க வாங்குறது? உங்க கோட்டையும் கட்டத்தையும் பிழிஞ்சா சொட்டுமா?” என்றாள்.

தீர்மானம் நிறைவேறியதும் நான் வகுப்பில் சொல்வதெல்லாம் வரிசையாக நடந்தது. ஹோஸ் போய்க் குடங்கள் வந்தன. இருட்டிய பிறகு பின்சுவர் மேல் குடம் மாறியது. கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்தவரே தன் மைத்துனிக்கு இரண்டு குடம் கொடுத்து மாட்டிக்கொண்டார். விற்க முடியாத மில் பெரியவர், மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டு வாசலுக்குத் தாராளமாகத் தண்ணீர் தெளித்தார். மாவு அரைக்கும் அக்காவுக்கு வாங்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. மாவு விலை ஏறியது. தெரு என்னைக் கோபமாகப் பார்த்தது, நான்தான் தடை போட்டவன் போல.

அடுத்த தெருவுக்கு லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஒரு நாள் லாரி ஓட்டுநரிடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு என்று அடையாளம் சொன்னார். அது என் மனைவியின் தம்பி தோப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கிணற்று மேட்டில் லாரி நிற்க, அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

“மாப்ள, மரத்துக்கு விடுற தண்ணியையா விக்கிற?”

“மச்சான், தேங்கா வெல கெடக்குற கெடப்புக்கு மரத்துக்கு ஊத்துறது தண்டம். லாரிக்கு ஊத்துனா அன்னன்னைக்குக் கைல துட்டு. எதுல லாபமோ அதுக்கு மாறணும்னு கல்யாண வீட்டுல நீங்கதானே சொன்னீங்க?”

“மோட்டார் ஓடுற கரண்டு?”

“விவசாயக் கரண்டு மச்சான். ஃப்ரீ” என்று சிரித்தான்.

விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் தண்ணீரை இறைத்து நகரத்துக்கு விற்றுக்கொண்டிருந்தான். அடக்கவிலையே இல்லாத சரக்கு. இரண்டு மாதத்தில் பக்கத்துத் தோப்புக்காரர்களும் லாரி பிடித்தார்கள். ஒருவர் ஆழப்படுத்தினால் அடுத்தவர் அதைவிட ஆழப்படுத்தினார். ஆடி முடிவதற்குள் மாப்ளையின் கிணற்றில் பாறை தெரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது தென்னைகளின் மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின. அவனுடைய சிரிப்பு காணாமல் போயிருந்தது.

“ஒரு மனு எழுதிக் குடுங்க மச்சான். சுத்துப்பட்டுல எவனும் லாரிக்குத் தண்ணி விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போடணும்.”

எழுதிக் கொடுத்தேன். அவன் அப்பா வைத்த மரங்கள் அவை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை. வாடிப்பட்டி தாலுகா அலுவலகத்தில், தலையீட்டைக் கண்டிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், அரசாங்கத் தலையீடு கோரும் வரிசையில் அவனோடு நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர், இறக்குமதி எண்ணெயால் தேங்காய் விலை விழுகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று மனு வைத்திருந்தார். அவரோடு வாதாட வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மனுவுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. ஐப்பசி முழுவதும் கொட்டியது. கிணறு ஏறியது, எங்கள் போர்வெல்லும் இருமலை நிறுத்தியது. மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. தடைத் தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவுமில்லை.

கார்த்திகையில் மாப்ளை கூப்பிட்டான்: வறட்சியைப் பார்வையிட அதிகாரி வருகிறார், நீங்களும் இருந்தால் நல்லது என்று. போனேன். அதிகாரி பேன்ட்டை முழங்கால் வரை மடித்து, செருப்பைக் கையில் பிடித்தபடி தோப்புத் தண்ணீரில் நடந்து வந்தார். மாப்ளை இளநீர் வெட்டிக் கொடுத்தான். சேற்றில் நின்றபடியே குடித்த அதிகாரி, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“அப்ப நீங்களே சொல்லுங்க சார். அடுத்த கோடைக்கும் இதே கததான். அரசாங்கம் என்ன செய்யணும்?”

அரசாங்கம் என் வாழ்நாளில் என்னிடம் கருத்துக் கேட்டது அந்த ஒரு முறைதான். மாப்ளை பக்கத்திலேயே நின்று நம்பிக்கையோடு என்னைப் பார்த்தான்.

“பம்புசெட்டுக்கு மீட்டர் வைங்க. ஓடுன கரண்டுக்குக் காசு வாங்குங்க” என்றேன்.

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். “சார், இதை நான் எழுதவும் முடியாது, நீங்க சொன்னதா வெளிய சொல்லவும் முடியாது” என்று இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மாப்ளை என்னைப் பஸ் நிறுத்தம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். பஸ் வந்ததும், “போயிட்டு வாங்க சார்” என்றான். ‘மச்சான்’ என்ற வார்த்தை திரும்ப அவன் வாயில் வர அடுத்த பொங்கல் ஆனது. அதுவும் அவன் அக்கா நடுவில் நின்று பேசி வைத்ததால்தான்.