கசங்காத சட்டையும் ஒரு காரும்

மடிப்பக்கா என்பது சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். மருத்துவமனைப் படுக்கை விரிப்பை அவள் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். உட்காராவிட்டால் பிரித்து, துணி தேய்க்கும் சூட்டு உருளையில் மறுபடி விடுவாள். அறுவைச் சிகிச்சை அறைக்குப் போகிற பச்சைத் துணிகளை வேறு யாரையும் தொடவிடமாட்டாள். "அந்தக்கா கையில சிக்கினா மனுஷனுக்கும் மடிப்பு விழும்" என்பார் துணி வண்டி ஓட்டுபவர்.

அந்தச் சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே, பேருந்து போகாத ஒரு சாலைக்கு மாற்ற முடிவு செய்தார்கள். காலையில் மருத்துவமனைக்குத் துணி போயாக வேண்டும் என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். அடுத்த மாதம் பிறந்ததும் அங்கே வந்து நிற்க முடியாதவர்களுக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். மடிப்பக்காவிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. வண்டிதான் இல்லை.

குறைந்த வருமானக்காரர்கள் வேலைக்குப் போய்வர, பழைய கார் வாங்க ஓர் உதவி நிறுவனம் பணம் தருவதாகக் கேள்விப்பட்டு மனுப் போட்டாள். பாதி அவர்கள் தருவார்கள். மீதியை வட்டியில்லாமல் தவணையில் கட்ட வேண்டும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணவர் இறந்த பிறகும் அவளோடு அதே வீட்டில் இருந்த நாத்தனார் யோசனை சொன்னாள்.

"அண்ணி, தோள்ல கிழிஞ்ச சட்டை ஒண்ணு இருக்கே, அதைப் போட்டுட்டுப் போங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"அழ நேரமிருந்தா நாலு விரிப்பு தேய்ச்சிருப்பேன்."

இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு வீணாவானேன் என்று, பையில் கிடந்து சுருண்டுபோன சம்பளச் சீட்டின் மேலும் ஓட்டினாள். கசங்கிய எதையும் யார் கையிலும் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. சீட்டோ சூட்டில் அச்சாகும் வழவழப்புக் காகிதம். ஒரே இழுப்பில் முழுக்கக் கறுத்துவிட்டது.

நாத்தனார் "ஐயோ" என்றாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். வேறு சீட்டு வாங்க நேரமில்லை. கறுத்ததையே எடுத்துக்கொண்டு போனாள் மடிப்பக்கா.

"என்னம்மா இது?" என்றார் அங்கிருந்த பெண் அலுவலர்.

"சம்பளச் சீட்டு. தேய்ச்சேன், கறுத்துப்போச்சு."

அலுவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைக் கையில் கத்திபோல் நின்ற மடிப்பைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பார்த்தா கஷ்டப்படுற மாதிரியே தெரியலை. நிஜமாவே தேவைப்படுறவங்க நிறையப் பேர் காத்திருக்காங்க. அடுத்த தடவை ஒழுங்கா சீட்டோட வாங்க."

"அடுத்த தடவைன்னா?"

"மூணு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள வேலை போயிடும். அப்புறம் கார் எதுக்கு, உள்ள உட்கார்ந்து தூங்கவா?" மடிப்பக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "சரி மேடம், ஏன் இல்லைன்னு எழுதிக் குடுங்க."

"சீட்டு இல்லைன்னு எழுதறேன்."

"எழுதுங்க, அது என் தப்பு. முதலாளிக்குப் போன் போட்டா என் சம்பளம் தெரிஞ்சிடும், நம்பர் மனுவுல இருக்கு. ஆனா இன்னொண்ணும் சொன்னீங்களே, அதையும் எழுதுங்க. சட்டை கசங்காம இருந்துச்சு, அதனால கார் இல்லைன்னு."

"நான் அப்படிச் சொல்லலை."

"சொன்னீங்க. துணி தேய்க்கிறதுதான் என் தொழில். நானே கசங்கி வந்தா என்னை யாரு வேலைக்கு வெச்சுப்பா?"

பின்னால் காத்திருந்த ஒருவர் குரல் கொடுத்தார்: "எழுதுங்க மேடம். என்ன போட்டுட்டு வரணும்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

அலுவலர் பேனாவை எடுத்தார், வைத்தார், தொலைபேசியை எடுத்தார்.

மாதம் பிறக்குமுன் கார் கிடைத்தது. ஒரு கதவு நெளிந்திருந்தாலும் இயந்திரம் நன்றாக இருந்தது. சாவி கொடுக்கும்போது காணொளி எடுக்க ஆள் வைத்திருந்தார்கள். படிக்கச் சொல்லி ஒரு தாளும் நீட்டினார்கள்: 'இருண்டு கிடந்த என் வாழ்க்கையில் ஒளியேற்றினீர்கள்.'

"இதைப் படிக்க மாட்டேன். உதவிக்கு நன்றி, தவணையைத் தவறாமக் கட்டுவேன். ஆனா என் வாழ்க்கை ஒண்ணும் இருண்டு கிடக்கலை. பஸ்ஸுதான் இல்லை."

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். கிளம்பும்போது, ஓட்டிப் பழக்கம் விட்டுப்போனதில் வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. கூட வந்திருந்த நாத்தனார் இறங்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளணுமா அண்ணி?"

"வாயை மூடிக்கிட்டுக் கதவைச் சாத்து."

முதல் தேதி, விடியுமுன், புதிய கூடத்தில் உருளையைச் சூடாக்கியது அவள்தான்.