வாய் திறந்த பிளக்இன்

சேர்வர் அறைக் கதவில் அட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. சிவப்பு விளக்கு எரியும், அணையும், அவ்வளவுதான். என்ன குறை என்று கதவுக்குச் சொல்லத் தெரியாது. நான் எழுதிய பிளக்இன்னும் இதே சாதிதான். போன கிழமை வரை ஒழுங்காக ஓடியது, இப்போது இரவில் எங்கேயோ மறிபட்டு, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. அதை ஒவ்வொரு அடியிலும் வாய் திறக்க வைத்தால் என்ன?

காவலாளி சிங்களத்தில் சொன்னார்: "தம்பி, உங்கட பேர் லிஸ்டில இல்லை. கொஞ்ச நாளைக்குத்தானாம்." கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது. எங்கள் பிரிவில் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் உள்ளவன் நான் ஒருவன்தான். காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. கேட்கவும் பொறுமையில்லை. யோசனை சூடாக இருந்தது. படியேறி ஓடினேன்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். கிளைகளிலுள்ள கணினிகளை ஓரிடத்திலிருந்தே பராமரிக்க ஒரு மென்பொருள் கருவி வைத்திருக்கிறோம். அதோடு நாமே எழுதிச் சேர்க்கிற சின்ன நிரல்தான் பிளக்இன். கிளைகளின் கோப்புகளை இரவில் பிரதி எடுத்து வைப்பது என்னுடைய பிளக்இன்னின் வேலை. மாத முடிவுவரை அது பிழையில்லாமல் ஓடினால் என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் தருவதாக மனேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிசு. கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று கேட்டு, பதில் போதாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புகிற காலம். வெள்ளவத்தையில் வாடகை வீட்டுக்காரர்கூட இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

முதலில் பிளக்இன்னைச் சும்மா திரையில் எழுதப் பண்ணினேன். பின்னணியில் ஓடுகிற கருவிக்குத் திரை ஏது? எழுதினதெல்லாம் காற்றோடு போயிற்று. பிறகு கருவி தன் நடப்புகளைக் குறித்துவைக்கிற லொக் என்ற பதிவேட்டிலேயே எழுதுகிற வழியைக் கண்டுபிடித்தேன். லொக்கில் தரங்கள் உண்டு. 'பிழை' என்ற தரத்தில் எழுதினால் அது எப்போதும் பதிவாகும், காலையில் தலைமை அலுவலகம் வரைக்கும் மின்னஞ்சலாகவும் போகும். 'டிபக்' என்ற தரத்தில் எழுதினால், யாராவது கேட்டு ஓட்டினால்தான் தெரியும். நான் டிபக்கில் அள்ளிக் கொட்டினேன். இந்தக் கோப்புறையைத் திறக்கப் போகிறேன், திறந்தேன், இந்தப் பயனர் கணக்கின் பெயரில் கேட்கிறேன், என்ன பதில் வந்தது என்று வரிக்கு வரி. முன்பு பிழை வந்தால் பேசாமல் அடுத்ததற்குத் தாண்டும்படி நானேதான் எழுதியிருந்தேன். அதையும் மாற்றினேன்.

என் மேசைக் கணினியில் எல்லாம் அழகாக ஓடியது. உண்மையான சேர்வரில், டிபக்கைப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு உள்ளே போகக்கூடியவன் என் பக்கத்து மேசை நண்பன். நாங்கள் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கதைப்போம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நாளைக்குப் பாப்பம் மச்சான்" என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான்.

அந்த இடைவெளியில் நான் என் நிரலைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து செய்த ஒரு சின்னத் திருத்தத்தில்தான் பிழை என்று நிச்சயமாக நம்பினேன். காவலரணில் கை காட்டி மறித்தால் எங்களுடைய கை தானாகவே சட்டைப்பைக்குப் போகும். அடையாள அட்டை இருக்கா, பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கா, எதை விட்டுவிட்டு வந்தோம்? மறித்தவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தோன்றாது. அந்தப் பழக்கத்தோடுதான் நிரலையும் தடவிக்கொண்டிருந்தேன்.

இரவு வீட்டில் அம்மா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டா: "கடிதம் தந்தவங்களோ?"

"இன்னும் இல்லை."

"பிழை உன்னிலயோ?"

"என்னிலதான் போல."

வெள்ளிக்கிழமை நண்பனை விடவில்லை. அவன் உள்ளே போய் ஓட்டிவிட்டு என் மேசைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"உன்ர பிளக்இன் கிழவி மாதிரிக் கனக்கக் கதைக்குது மச்சான்."

"கதைக்கட்டும். கடைசி வரியை வாசி."

விசைப்பலகையைத் தட்டி அடிவரிக்குப் போகிற சத்தம் கேட்டது. பிறகு வாசித்தான். கோப்புறை இருக்கிறது, கேட்ட கணக்குக்கு அனுமதி இல்லை, பிரதி எடுக்கிறவர்களின் குழுவில் அந்தக் கணக்கு இல்லை.

"எந்தக் கணக்கு?"

"உன்ர."

"ஆர் குழுவில இருந்து எடுத்தது?"

"நான்தான். திங்கட்கிழமை எடுக்கச் சொன்னவங்கள், எடுத்தன்."

"நான் கிழமை முழுக்கத் தலையைப் பிச்சுக்கொண்டு இருந்ததைப் பாத்தனிதானே?"

"உன்னட்டச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவங்கள் மச்சான்."

குரலில் வெட்கம் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

மனேஜர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நான் போய்க் கேட்டதும், அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"தம்பி, இதப் பெருசாக்காதீங்க. மேலேருந்து சொன்னாங்க, செஞ்சோம். நான் ஒங்களக் காப்பாத்தித்தான் வச்சிருக்கேன்."

"ஆரிட்ட இருந்து?"

"இந்தா, இதுதான். யாழ்ப்பாணத்து ஆளுங்க எல்லாத்துக்கும் காரணம் கேப்பீங்க. நாங்க இங்கயே கெடந்து பழகினவங்க, கேக்க மாட்டோம். பிளக்இன் ஒங்க பக்கத்து மேசைக்காரரோட கணக்குல ஓடட்டும். மத்தது, அந்த அனுமதி இல்லங்கிற வரி. அத லொக்ல இருந்து எடுத்துருங்க."

"கடிதம்?"

"அவர் பேர்ல ஓடுறதுக்கு ஒங்களுக்கு எப்படி இப்பக் கடிதம் கேக்கிறது? பொறுங்க கொஞ்சம்."

அன்று பின்னேரம் நண்பனின் பெயரில் ஓட்டினோம். என் நிரல், நான் எழுதிய அதே வரிகள், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. எல்லாக் கிளைகளையும் ஒரே மூச்சில் பிரதி எடுத்து முடித்தது. என் நிரல் சரியாக ஓடியது எனக்குப் பிடிக்காமல் போனது வாழ்நாளில் அன்றுதான் முதல்தரம்.

அந்த வரியை எடுக்கச் சொன்னார், டிபக்கிலிருந்து எடுத்துவிட்டேன். 'பிழை' என்ற தரத்தில் போட்டிருக்கிறேன். இனி அதை யாரும் கேட்டு ஓட்டத் தேவையில்லை. முதலில் என் கணக்கின் பெயரில் கேட்கும், மறுத்தால் நண்பனின் கணக்குக்குப் போகும், வேலை தடைப்படாது. மறுத்த செய்தி மட்டும் ஒவ்வொரு காலையும் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எந்தக் கணக்கு, எந்தக் குழுவிலிருந்து, எப்போது, யாருடைய கையால் எடுக்கப்பட்டது என்று கருவி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அதையும் அந்த வரியோடு சேர்க்கப் பார்க்கிறேன். 'யாருடைய சொல்லில்' என்பதற்கு மட்டும் கருவியிடம் இடமில்லை. அதற்கு ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

சேர்வரில் ஏற்ற நண்பன்தான் வேண்டும். திங்கட்கிழமை காலையில் நிரலைத் திறந்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று, அவன் பெயர் வருகிற இடம் உட்பட ஒரு வரியும் ஒளிக்காமல் காட்டிவிட்டு, ஏற்று மச்சான் என்று கேட்கப் போகிறேன்.