அத்தை ஊத்துன தண்ணி

எங்க வீடுகள்ல வயசுக்கு வந்த பிள்ளைக்கு முதல் தண்ணிய அத்தைதான் ஊத்தணும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கச்சி. அண்ணன் மகளுக்குச் சடங்குன்னதும், முந்தின நாளே ராஜபாளையத்துல பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டேன்.

எனக்கு தைராய்டு. என் உடம்பே அந்தச் சுரப்பியைப் பகையாளியா நெனச்சு அடிக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாவ. அது போதாதுன்னு தோலும் சண்டைக்கு நிக்கும். காரணமே இல்லாம வட்டம் வட்டமாத் தடிக்கும், அரிக்கும், மறையும், செத்த நேரத்துல வேற இடத்துல கிளம்பும். வருசக்கணக்கா இதே கூத்துதான். கத்திரிக்காய நிறுத்து, கருவாட்ட நிறுத்துன்னு ஆளாளுக்கு வைத்தியம் வேற. எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்தேன். நாக்குதான் செத்துச்சு, தடிப்பு போகல.

அன்னைக்குச் சாயங்காலம் கையில ரெண்டு தடிப்பு. அண்ணன் பொண்டாட்டி பார்த்துட்டாவ. "ஏட்டி, இது காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாம ஏதோ பூச்சி கடிச்சிருக்கு. கம்பளிய வச்சுத் தேய்ச்சா இறங்கிரும்"னு கறுப்புக் கம்பளியோட வந்தாவ. "வேண்டாம் மதினி, தேய்ச்சா எனக்குக் கூடத்தான் செய்யும்"னேன். கேட்டாத்தானே! பாசமாத்தான் தேய்ச்சாவ. தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் ரெண்டு கையும் செவந்து வீங்கிருச்சு. மாத்திரை போட்டும் விடியுறதுக்குள்ள முழுசா இறங்கல.

காலையில மதினி என்னை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி மெதுவாச் சொன்னாவ: "பந்தல்ல எல்லாரும் பார்ப்பாவ. பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்ய? தண்ணிய என் சித்தி மக ஊத்தட்டும். இல்லைன்னா நீ முழுக்கை ஜாக்கெட்டாவது போட்டுக்கோ."

எனக்கு வந்துச்சே கோவம்! தேய்ச்சு வீங்க வச்சதும் அவிய, ஒதுங்கச் சொல்றதும் அவிய. "இது ஒட்டுற நோய் இல்ல மதினி. ஒட்டுறதா இருந்தா இம்புட்டு வருசம் கூடப் படுக்குற மனுசனுக்கு ஒட்டியிருக்காதா? கை இறுக்கமாப் போட்டா இன்னும் தடிக்கும். அரைக்கை ஜாக்கெட்டோடதான் வருவேன். நான்தான் ஊத்துவேன்"னேன். வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்ட அண்ணன், பந்தல்காரன் கூப்பிட்ட மாதிரி நைசா நழுவிட்டான். போனாப் போறான்னு செம்பை நானே எடுத்துக்கிட்டேன்.

பந்தல்ல ஒரே குசுகுசுப்பு. பக்கத்துல உக்காந்திருந்தவ ஒருத்தி நாற்காலிய நகத்திப் போட்டா. நகத்திக்கோடின்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே மஞ்சத்தண்ணிய பிள்ளை தலையில ஊத்துனேன். அரிப்புல உசுரு போகுது, ஆனா சொறியல. "குளுருது அத்தை"ன்னு அவ என் தடிச்ச கையையே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் எனக்குக் கண்ணு கலங்கிச்சு.

பொறவு ஒரு நாள் அண்ணன் வீட்டுக்குப் போனப்ப சடங்கு ஆல்பம் வந்திருந்துச்சு. அதுல என் கை ரெண்டும் வழுவழுன்னு இருக்கு, ஒரு தடிப்பைக் காணோம். "ஸ்டூடியோவுல நான்தான் சரி பண்ணச் சொன்னேன்"னு மதினி சந்தோசமாச் சொன்னாவ.

"இது யாரு கை மதினி?"ன்னேன்.

ஆல்பத்தைத் தூக்கிட்டு நானே ஸ்டூடியோவுக்குப் போயி, எடுத்தது எடுத்தபடியே போட்டுக் கொடுக்கச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் தயங்குனாரு. "அது பார்க்க நல்லா இருக்காதுக்கா"ன்னாரு.

"இருக்காட்டிப் போகுது. ஊத்துனது அந்தக் கைதான்"னேன்.