பேக்கரிக்காரர் வாங்கிய சாஃப்ட்வேர் பங்கு

நெட் சென்டரில் உட்கார்ந்து உங்களுக்கு இந்த மெயிலைத் தட்டுகிறேன்.

பங்குச் சந்தையில் இருந்த ஒரு நூல் மில் கம்பெனி திடீரென்று பெயரை மாற்றிக்கொண்டு சாஃப்ட்வேர் கம்பெனி ஆனது. பெருந்துறையில் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். போர்டு மட்டும்தான் புதிது. பூட்டிய ஷெட்டின் வாசலில் யாரோ மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள்.

பங்கு விலையோ தினமும் ஏறியது. விலையை வேண்டுமென்றே ஏற்றிவிடுகிறவர்கள் கடைசியில் பங்கை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போவார்கள் என்று தெரிந்தேதான் நான்கு ரூபாய்க்கு வாங்கினேன். போன வெள்ளிக்கிழமை பத்தொன்பதுக்கு விற்றுவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

திங்கள் முதல் விலை சரிகிறது. வாங்க ஆளில்லை.

இன்று காலை, புரோக்கர் ஆபீசுக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் டீ குடித்தேன். கடைக்காரர் தேங்காய் பன்னை நீட்டியபடி கேட்டார்.

"ஏனுங்க, நம்ம சாஃப்ட்வேர் பங்கு மறுக்கா ஏறுமுங்களா?"

"நீங்க எப்பங்க வாங்குனீங்க?"

"வெள்ளிக்கிழமைங்க. நீங்க வாங்கியிருக்கறதா இங்க நின்னு சொன்னீங்கள்ல, அந்த நம்பிக்கைலதானுங்க. புது ஓவனுக்கு வெச்சிருந்த பணத்தைப் போட்டுப்போட்டேன்."

வாங்கியதைக் கடை முழுக்கக் கேட்கும்படி பீற்றிக்கொண்டவன் நான். விற்றதைப் பற்றி மூச்சே விடவில்லை.

"நீங்க விக்கறப்ப மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நானும் வித்துக்கறேனுங்க."

"சரிங்க" என்றேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஏற்றிவிட்டவர்களைத் திருடர்கள் என்கிறோம். எனக்கு என்ன பெயர் வைக்கலாம், சொல்லுங்கள்.