நாலு தேசிக்காயும் ஒரு சிவப்புக் காரும்

எங்கள் வீட்டில் சந்தேகம் அம்மாவின் இலாகா. பால்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்பார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வந்தால், மற்றப் பிள்ளைகளெல்லாம் காய்ச்சலில் படுத்துவிட்டார்களா என்று விசாரிப்பார். அப்படிப்பட்டவரின் வாசலில், செவன் கிங்ஸ் என்ற இங்கிலீஸ் ஊரில், எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சித்தப்பா ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அப்பா ஏறாத படியெல்லாம் ஏறி அவரை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே எடுப்பித்திருந்தார். எங்கள் வீட்டின் சின்ன அறையில் இருந்துகொண்டு ஒரு பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்தார். அப்பாவுக்கு முன்னால் அவர் 'இல்லை' என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கறிக்கு உப்புக் கூடவா என்று அப்பா கேட்டால்கூட, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த மனிதர் யாரையும் கேட்காமல் ஒரு காரை வாங்கிவந்ததே முதல் அதிசயம்.

கார் ஜப்பான்காரருடையது, பழையது. அப்பாவின் இடுப்புக்கு மேல் உயரமில்லை. ஹெட்லைட் இரண்டும் பகலில் மூடிக்கிடந்து, பட்டனை அழுத்தியதும் தவளைக் கண்போல எழும்பும். அதைக் கண்டதும் நான் அந்தக் காரின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அம்மா சாயவில்லை.

"உப்பிடி ஒரு காரை ஆரும் உந்த விலைக்குக் குடுப்பாங்களே? என்னவோ இருக்கு."

"ரோட்டரி எஞ்சின் அண்ணி, அதாலதான் சனம் பயப்பிடுது," என்றார் சித்தப்பா. "இதுக்குள்ள பிஸ்டன் இல்லை. மேலயும் கீழயும் போய்வாற சாமானே இல்லை. முக்கோணமா ஒண்டு உள்ளுக்குச் சுத்திக்கொண்டே இருக்கும்."

"எல்லாக் காருக்கும் இருக்கிற சாமான் இதுக்கு இல்லையெண்டால், அதை ஆர் கழட்டினது?"

சித்தப்பா கார்க் கதவைத் திறந்து காட்டினார். பின்னால் ஒரு சீட் இருந்தது, பேருக்கு. கடைச் சாமான் பை இருக்கலாம், மனிதர் இருக்க முடியாது. அம்மா ஒருமுறை ஏறிப் பார்த்தார். அவரை வெளியே எடுக்க அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்து சேலையை உதறிக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "தனிக்கட்டைக்கு ஏன் தம்பி பக்கத்தில இவ்வளவு சொகுசா ஒரு சீட்?"

அன்றிலிருந்து நான் உளவாளியானேன். சனிக்கிழமைகளில் சித்தப்பா என்னை லைப்ரரிக்கு ஏற்றிப் போவார். "வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைச்சிரு," என்பது அம்மாவின் கட்டளை. நான் இரண்டையும் திறந்து வைத்திருந்தேன், என் சுபாவம் அப்படி. சித்தப்பாவும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தார். அந்தக் காரைப் பற்றிக் கேட்க வீட்டில் வேறு யாருக்கும் பொறுமையில்லை.

காரை விற்ற எசெக்ஸ் வாத்தியார் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு கடதாசி டாஷ்போர்டுக்குள் இருந்தது. எண்ணெயை இந்த எஞ்சின் குடிக்கும், அது வியாதியில்லை, அதன் குணம். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சட்டம் முதல் வரியில் இருந்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். உடனே நிற்பாட்டினால் உள்ளே பெற்றோல் தேங்கிவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் ஸ்டார்ட் வராது. இதைச் சித்தப்பா வாய்ப்பாடு மாதிரி என்னிடம் கேட்பார்.

"குளிரில ஸ்டார்ட் பண்ணினால்?"

"ஓஃப் பண்ணக் கூடாது!"

"அப்பா கூப்பிட்டால்?"

"அப்பவும் ஓஃப் பண்ணக் கூடாது!"

அதனால்தான் தினமும் வேலைக்குப் போகமுன் பத்து நிமிடம் கார் வாசலில் நின்று உறுமும். அந்தப் பத்து நிமிடமும் அம்மா ஜன்னல் சீலைக்குப் பின்னால் நிற்பார். "ஏன் போறாரில்லை? ஆருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்?"

நான் கொண்டுபோன தகவல்களில் அம்மா சட்டை செய்தது ஒன்றைத்தான். என் கால் எட்டவேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சித்தப்பா பக்கத்துச் சீட்டை முன்னுக்கு இழுத்துவிடுவார். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் அது ஆகப் பின்னுக்குப் போயிருக்கும். யாரோ நெடிய ஆள் ஏறுகிறார். கேட்டேன். ஸ்டேசனில் வேலைசெய்யும் ஓர் ஆபிரிக்க அண்ணாவை ஏற்றி இறக்குவதாகச் சொன்னார். நான் நம்பினேன். அம்மா கேட்டுவிட்டு "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு எங்கள் வீட்டில் பல பொருள் உண்டு, 'நம்புகிறேன்' என்பது அவற்றில் இல்லை.

இதற்கிடையில் அப்பா சித்தப்பாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார். பெண் கொழும்பில் வந்து நின்றாள். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. பெண்ணின் தாய்மாமன் மிச்சம் என்ற ஊரில் கடை வைத்திருந்தார், அவர் மாப்பிள்ளையை நேரில் பார்த்துச் சரியென்றால் அன்றே முற்றாக்குவது என்று ஏற்பாடு. "உனக்கு ஓம் தானே?" என்று அப்பா கேட்டார். சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "உங்கட விருப்பம் அண்ணை," என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. வேலையில் ஏதாவது தின்றுவிட்டு வந்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

கார் வாங்கிய நாளிலிருந்து அம்மா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மலிவாக வந்த காரில் முன்னர் யாருடைய கண் பட்டதோ, யாருடைய ஆவி ஒட்டியிருக்கோ! சித்தப்பா மூன்று மாதமாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது திடீரென்று தானாகவே சொன்னார்: "அண்ணி, மிச்சம் மாமா வாற அண்டைக்கே பூசையைச் செய்விப்பமே? அவரும் கோயிலுக்கு வரட்டும்."

அம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. மனோர் பார்க் கோயில் வாசலில் மூக்கை அறுக்கும் குளிர். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்தார்கள், நான் சித்தப்பாவோடு காரில். மிச்சம் மாமா கடைச் சாமான் ஏற்றும் வானில் வந்திறங்கினார். மொத்தமான கோட், நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே பூசை இரண்டு மணித்தியாலம் நடந்தது. அதுவரை கார் வெளியே நின்று கல்லாய்க் குளிர்ந்துபோனது.

ஐயர் காரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பூசி, மாலை சாத்தி, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். எலுமிச்சை நசிந்தால் பட்ட கண்ணெல்லாம் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை.

"ஸ்டார்ட் பண்ணி ஓரடி முன்னுக்கு எடுங்கோ."

கார் உறுமியது. நாலு தேசிக்காயும் சப்பென்று நசிந்தன. பின்னால் புகை கிளம்பி வந்து ஐயரின் கர்ப்பூரத் தட்டைச் சூழ்ந்தது. ஐயர் இருமினார். "நிப்பாட்டுங்கோ தம்பி, தீபம் காட்ட வேணும்."

பெரியவர்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல், "சித்தப்பா, ஓஃப் பண்ணாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். அம்மா என் தோளில் கிள்ளினார். சித்தப்பா கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி நிற்பாட்டினார்.

தீபம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லாம் முடிந்தது. "இனி எடுங்கோ," என்றார் ஐயர். சித்தப்பா சாவியைத் திருப்பினார். கர் கர் கர். இன்னொருமுறை. கர் கர். கார் அசையவில்லை. கோயிலுக்கு வந்த சனம் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தது. அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. மிச்சம் மாமா மாலை போட்ட காரையும் நசிந்த தேசிக்காய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமிக்கு முன்னாலயே படுத்திட்டுது," என்றார் மெல்ல. "நல்ல காரியம் பேச வந்த இடத்தில... மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

இன்னொரு நாள் என்றால் என்ன பொருள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்குக்கூடத் தெரியும். அப்பா பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். அம்மா காரை ஒருமுறை முறைத்துவிட்டுப் பின்னால் போனார். சித்தப்பாவுக்குத் துணையாக என்னை விட்டுவிட்டார்கள்.

மிச்சம் மாமாவின் வான் முடக்கில் திரும்பும்வரை சித்தப்பா மதிலில் சாய்ந்து நின்றார். பிறகு கோட்டைக் கழற்றினார், அவசரமே இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு, மேலும் பெற்றோல் போகாதபடி பம்பின் சின்ன ஃபியூஸ் ஒன்றைக் கழற்றினார். காலால் ஆக்சிலேட்டரை அடிமட்டும் அழுத்திக்கொண்டு சாவியைக் கொஞ்ச நேரம் திருப்பினார். ஃபியூஸைத் திரும்பப் போட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கார் ஸ்டார்ட் ஆனது.

"நான் சொன்னனான் தானே!" என்றேன் கோபமாக. "நீங்களெல்லோ எனக்குச் சொல்லித்தந்தது!"

"ஓம் குஞ்சு. மறந்துபோச்சு."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். புகைதான் காரணம் என்று நினைத்தேன். கார் சூடாகும்வரை, சட்டப்படி, பத்து நிமிடம் அங்கேயே இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்கு ஓடினேன். உளவாளியின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய தகவல் இனிக் கிடைக்காது. சித்தப்பா சட்டத்தை மறந்ததையும் நான் மறக்காததையும், அந்த ஃபியூஸையும், ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் ஒப்புவித்தேன். மிச்சம் மாமாவுக்கென்று சுட்ட வடை மேசையில் மலையாய்க் குவிந்திருந்தது. அம்மாவின் கை வடைத் தட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"ஓஃப் பண்ணினால் வராதெண்டு அவருக்கு முதலே தெரியுமோ?"

"எனக்குச் சொல்லித்தந்ததே அவர்தானே!"

"திருப்பி ஸ்டார்ட் பண்ணவும் தெரியுமோ?"

"ஓம், கெதியாப் பண்ணிப்போட்டார்."

"இண்டைக்குக் காலமை நீ ஏறேக்க, சீட் எங்க இருந்தது?"

"ஆகப் பின்னுக்கு."

அம்மா ஒரு வடையை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "வாயில்லாப் பூச்சி எண்டெல்லோ நினைச்சிருந்தன்," என்று தனக்குள் சொன்னார். பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "இதை அப்பாவிட்டச் சொல்லக் கூடாது. ஆரிட்டயும் சொல்லக் கூடாது. விளங்குதோ?" விளங்கியது என்று தலையாட்டினேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

சித்தப்பா குசினி வாசலில் தலைகுனிந்து வந்து நின்றார். அம்மா அவரைத் திட்டுவார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அவரோ வடைகளை இரண்டு பார்சலாகச் சுற்றி, இரண்டையும் சித்தப்பாவின் கையில் வைத்தார்.

"ஒண்டு உமக்கு. மற்றதை ஆருக்குக் குடுக்க வேணுமோ, அவைக்குக் குடும். ஆறமுன்னம் கொண்டுபோம்."

சித்தப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்சல்களோடு போய்க் காரில் ஏறினார்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு மன்னார்க்காரச் சித்தி எங்கள் வீட்டுக்கு வர அதன்பிறகு இரண்டு வருடம் ஆனது. அப்பா சம்மதிக்க அவ்வளவு காலம் எடுத்தது. சித்தி ஆஸ்பத்திரி நேர்ஸ். கழுத்தில் சிறிய சிலுவை. எங்கள் அப்பாவைவிட ஒரு சாண் உயரம். காரில் ஏறியபோது சீட்டைத் தொடவே இல்லை, அது அவருக்கு அளவாக இருந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டாவது பார்சல் ஸ்டேசனில் நிற்கும் ஆபிரிக்க அண்ணாவுக்கு என்று நினைத்தேன். அம்மா ஒருவழியாகச் சித்தப்பாவின் சொல்லை நம்பிவிட்டார், இனி எனக்கு உளவு வேலை இல்லை என்று கவலையாக இருந்தது.